இணையம் அறுந்த பிறகும் மின்னஞ்சல்: வின்லிங்கையும் பேக்கெட் ரேடியோவையும் இணைப்பது எப்படி?

ஹாம் (அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவர்) நண்பர் ஒருவர் "பேக்கெட் கேட்வே போட்டாச்சு, இனிமே ரேடியோவிலேயே மின்னஞ்சல் போகும்" என்று சொன்னால், அடுத்துக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கேட்வே என்பது ரேடியோவில் வருவதை இணையத்துக்குக் கடத்தும் நிலையம். கேட்வே இருக்கும் அந்த வீட்டிலேயே இணையம் போய்விட்டால்? பல இடங்களில் இதற்குப் பதில் இருக்காது. மென்பொருள் சரியாகத்தான் ஓடும், ரேடியோவும் பதில் சொல்லும், ஆனால் எழுதிய மடல் அனுப்பியவரின் கணினியைவிட்டு நகராது. இணைப்பில் பாதியை அமைத்துவிட்டு முழுதும் முடிந்ததாக நினைத்துக்கொள்வதால் வரும் வினை இது. மீதிப் பாதி எது, அதை எப்படி அமைப்பது, மலையும் பள்ளமுமான தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் எதற்கு முக்கியத்துவம் தரவேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

புயல், வெள்ளம் எல்லாம் கடலோரத்துக்காரர்களின் கவலை என்று இந்தப் பக்கம் இனி இருந்துவிட முடியாது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த இரண்டு நாட்களுக்குள் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. அரூரில் 33 செ.மீ. ஊத்தங்கரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் வெள்ளம் இழுத்துப்போன காட்சி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. இப்படி ஒரு நாளில் செல்பேசிக் கோபுரத்தின் பேட்டரி எத்தனை மணிநேரம் தாங்கும், ஃபைபர் கேபிள் எந்தப் பாலத்தடியில் அறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இணைக்கப்போகும் இரண்டையும் முதலில் தனித்தனியாகப் பார்த்துவிடலாம்.

பேக்கெட் ரேடியோ என்பது தரவைச் சிறு பொட்டலங்களாக உடைத்து, ஒவ்வொன்றிலும் அனுப்புநர், பெறுநர் கால்சைனை (உரிமத்தோடு வரும் அழைப்புக்குறி) எழுதி, பிழை இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்ணையும் சேர்த்துக் காற்றில் விடும் முறை. அதன் மொழி ஏ.எக்ஸ்.25. தொலைபேசி நிறுவனங்கள் பயன்படுத்திய எக்ஸ்.25 நெறிமுறையை ஹாம்கள் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள், 2.0 பதிப்பு 1984-இல் வந்தது. இரண்டு மீட்டர் (144–146 மெகாஹெர்ட்ஸ்) அலைவரிசையில் இன்றும் அதிகம் ஓடுவது 1200 பாட் வேகம்தான். 1200 ஹெர்ட்ஸ், 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகள் மாறி மாறி வரும், அவ்வளவே. கணக்குப்படி விநாடிக்கு 150 பைட். ஒரே அலைவரிசையைப் பலர் பகிர்ந்து, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒப்புதலுக்காகக் காத்திருக்கும்போது கையில் கிடைப்பது அதில் பாதி என்றே வைத்துக்கொள்ளலாம்.

வின்லிங்க் என்பது ஹாம்களுக்கான உலகளாவிய மின்னஞ்சல் அமைப்பு. உரிமம் உள்ள ஒவ்வொருவருக்கும் கால்சைனே முகவரி. சாதாரண மின்னஞ்சல் வைத்திருக்கும் யாருக்கும் அதிலிருந்து எழுதலாம். மடல்கள் இணையத்திலுள்ள மையச் சேவையகத்தில் சேமிக்கப்படும். உலகம் முழுதும் தன்னார்வலர்கள் வைத்திருக்கும் கேட்வே நிலையங்கள் வழியாக ரேடியோவில் அதைத் தொடலாம். பேக்கெட்டோடு இதைச் சேர்ப்பது புதிய யோசனையே அல்ல. 1980களில் விக் புவர் என்ற அமெரிக்க ஹாம் எழுதிய ஆப்லிங்க் என்ற நிரல்தான் வின்லிங்கின் மூலம். சிற்றலையில் ஆம்டார் என்ற தொலைதட்டச்சு முறையில் வரும் செய்திகளை வி.எச்.எஃப். பேக்கெட் பக்கம் தள்ளிவிடுவதே அதன் வேலை.

நேர்வழியும் தபால்பெட்டியும்

இரண்டையும் இணைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது நேர்வழி. பயனர் தன் கணினியில் வின்லிங்க் எக்ஸ்பிரஸோ பேட் என்ற திறமூல நிரலோ வைத்திருப்பார். ரேடியோவில் கேட்வேயைக் கூப்பிடுவார். கேட்வே இணையத்தில் மையச் சேவையகத்தின் 8772-ஆம் போர்ட்டைத் தொட்டு, இருவரையும் நேருக்கு நேர் பேசவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ளும். மடல் கேட்வேயில் ஒரு நொடிகூடத் தங்காது. அமைப்பது சுலபம், பராமரிப்பும் குறைவு. அதனால்தான் எல்லோரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

இரண்டாவது வழியில் நடுவில் ஒரு தபால்பெட்டி மென்பொருள் இருக்கும். பேக்கெட் உலகில் இதை பி.பி.எஸ். என்பார்கள். பயனர் மடலை அதில் போட்டுவிட்டுப் போய்விடலாம். இணையம் இருக்கும்போது அது வின்லிங்குக்குப் போகும், இல்லாதபோது காத்திருக்கும். உள்ளூர்க்காரர்களுக்கான மடல் எங்கேயும் போகாமல் பெட்டியிலேயே இருந்து கைமாறும். மலையூர்க் கிளை அஞ்சலகத்தில் மதியப் பஸ் வராவிட்டாலும் பை கட்டி வைத்திருப்பார்களே, அந்த ஏற்பாடு.

யோசித்துப் பாருங்கள். அரூரிலிருந்து ஒருவர் பாலக்கோட்டிலுள்ள இன்னொரு ஹாமுக்கு "முகாமுக்கு இன்னும் குடிநீர் வரவில்லை" என்று எழுதுகிறார். நேர்வழியில் அந்த வரி மையச் சேவையகம் ஓடிக்கொண்டிருக்கும் அமேசானின் கணினிக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். நடுவில் தருமபுரியில் ஒரு கேபிள் அறுந்தால், ஐம்பது கிலோமீட்டர் சுற்றில் இருக்கும் இரண்டு பேர் பேச முடியாது. தபால்பெட்டி இருந்தால் அந்த மடலுக்கு இணையமே தேவையில்லை. என் கருத்தில், நம் மாவட்டங்களுக்கு இரண்டாவது வழிதான் அடிப்படை. நேர்வழி அதன்மேல் வைக்கும் வசதி. நல்லவேளையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரே கணினியில், ஒரே ரேடியோவில், இரண்டையும் ஓட்டலாம்.

அதற்குப் பரவலாகப் பயன்படுவது பி.பி.கியூ. இங்கிலாந்து ஹாம் ஒருவர் 1980களிலிருந்து வளர்த்துவரும் இலவச மென்பொருள். பெயரும் அவருடைய கால்சைனின் கடைசி மூன்று எழுத்துகள்தான். விண்டோஸில் ஒரு பதிப்பு, லினக்ஸில் ஒரு பதிப்பு. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் தாராளமாக ஓடும். நோடு (பொட்டலங்களை வாங்கி அடுத்த நிலையத்துக்குக் கடத்தும் பகுதி), தபால்பெட்டி, வின்லிங்க் கேட்வே மூன்றும் இதற்குள்ளேயே அடக்கம்.

அடுக்கடுக்காக அமைப்பது

பி.பி.கியூவின் அமைப்புக் கோப்பைத் திறந்ததும் பலருக்குத் தலை சுற்றும். நூறு வரிகளுக்குமேல் போகும். ஆனால் அது நான்கு அடுக்குகள்தான்: ரேடியோ, மோடம், நோடு, மடல். கீழடுக்கு சரியாகாமல் மேலடுக்கைத் தொடக்கூடாது என்ற ஒன்றைக் கடைப்பிடித்தால் போதும். "மின்னஞ்சல் போகவில்லை" என்று மடல் அடுக்கைப் பிசைந்துகொண்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கோளாறு ஒலியளவில் இருக்கும்.

மோடத்திலிருந்து ஆரம்பிப்போம். முன்பு டி.என்.சி. என்ற தனிப் பெட்டி வாங்கவேண்டியிருந்தது. இப்போது டயர்வுல்ஃப் என்ற இலவச நிரல் சவுண்ட் கார்டையே மோடமாக்கிவிடுகிறது. ரேடியோவிலிருந்து வரும் ஒலியளவை அது எண்ணாகக் காட்டும். 50-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. அனுப்பும் பக்கத்தில்தான் தவறு அதிகம். சத்தமாக அனுப்பினால் தூரம் போகும் என்று ஒலியை ஏற்றிவிடுவார்கள். எஃப்.எம். செட்டில் அப்படிச் செய்தால் ஒலி வெட்டுப்பட்டு, பக்கத்து ஊரில்கூடப் பொட்டலம் பிரிபடாது. செட்டின் ஸ்குவல்ச்சை (இரைச்சலை அடைக்கும் வசதி) திறந்தே வையுங்கள். பொட்டலம் வருகிறதா, வெறும் இரைச்சலா என்று நிரலே கண்டுகொள்ளும். மலிவான கையடக்க செட்டின் குரல்-உணர் வசதியை நம்பி அனுப்புவதையும் தவிர்க்கலாம்: பொட்டலம் முடிந்தபின்பும் அது சற்று நேரம் அனுப்பிக்கொண்டே இருக்கும், அதற்குள் எதிர்முனையின் ஒப்புதல் வந்து வீணாகும்.

பெறும் பக்கத்தைச் சோதிக்க அருமையான வழி ஒன்று தலைக்குமேல் சுற்றுகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் பேக்கெட் அஞ்சல் கருவி 145.825 மெகாஹெர்ட்ஸில் இயங்கும்போது, நம் ஊருக்குமேல் அது கடக்கும் சில நிமிடங்களில் சாதாரண ஆன்டெனாவிலேயே பொட்டலங்கள் கேட்கும். அவை திரையில் எழுத்தாக விழுந்தால் ஆன்டெனா முதல் மோடம் வரை எல்லாம் சரி. பக்கத்தில் பேக்கெட் நிலையமே இல்லாத ஊரில் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

டயர்வுல்ஃபும் பி.பி.கியூவும் ஒரே கணினிக்குள் 8001-ஆம் போர்ட் வழியாக கிஸ் என்ற எளிய நெறிமுறையில் பேசிக்கொள்ளும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பட்டனை அழுத்தியதும் செட் முழு பலத்துக்கு வர எடுக்கும் நேரத்தை டி.எக்ஸ்.டிலே என்பார்கள். பி.பி.கியூவில் அது மில்லிவிநாடியில் எழுதப்படும். டயர்வுல்ஃபில் பத்து மில்லிவிநாடி ஓர் அலகு. அதாவது ஓரிடத்தில் 300 என்பது மற்றதில் 30. மாற்றி எழுதினால் ஒன்று, பொட்டலத்தின் தலை வெட்டுப்படும். அல்லது ஒவ்வொரு முறையும் தேவைக்குமேல் நீண்ட நேரம் வெறும் ஒலி போகும். கிஸ் வழியாக பி.பி.கியூ சொல்வதுதான் கடைசியில் செல்லுபடியாகும் என்பதால், பி.பி.கியூவில் மட்டும் திருத்தினால் போதும்.

அடுத்தது கால்சைன். ஏ.எக்ஸ்.25-இல் ஒரே கால்சைனுக்குப் பின்னால் 0 முதல் 15 வரை எண் சேர்த்துப் பதினாறு அடையாளங்கள் வைத்துக்கொள்ளலாம். நோடுக்கு ஒன்று, தபால்பெட்டிக்கு ஒன்று, வின்லிங்க் கேட்வேக்கு ஒன்று. கேட்வேக்கு 10 என்பது உலக வழக்கம். அதை மாற்றாமல் இருப்பது வெளியூர்க்காரருக்கும் உதவும். ஒரே எண்ணை இரண்டு நிரலுக்குக் கொடுத்துவிட்டால் கூப்பிட்டதும் இரண்டும் எழுந்து பதில் சொல்லும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், மடல் மட்டும் போகாது.

உலகைக் கட்டங்களாகப் பிரித்து ஹாம்கள் வைத்திருக்கும் இருப்பிடக் குறியீடும் கோப்பில் கேட்கப்படும். தருமபுரி நகரமும் கிருஷ்ணகிரி நகரமும் எம்.கே.92 கட்டத்துக்குள் வருகின்றன. ஓசூர் 78 பாகை தீர்க்கக்கோட்டுக்கு மேற்கே இருப்பதால் எம்.கே.82. ஓசூர்க்காரர்கள் கிருஷ்ணகிரி மாவட்டம்தானே என்று மற்றவர் கோப்பை அப்படியே நகலெடுத்தால் வின்லிங்க் வரைபடத்தில் தங்கள் நிலையத்தைத் தவறான இடத்தில் பார்ப்பார்கள்.

கேட்வேக்கான நேர்வழி பி.பி.கியூவில் ஒரே வரி. பயனர் 10-ஆம் எண்ணைக் கூப்பிட்டால், டெல்நெட் போர்ட் வழியாக மையச் சேவையகத்தோடு இணைத்துவிடு என்பதுதான் அந்த வரியின் பொருள். அதில் போர்ட்டின் எண் வரும். பி.பி.கியூவில் ஒவ்வொரு ரேடியோவும், இணையப் பக்கத்துக்கான டெல்நெட்டும் தனித்தனிப் போர்ட்; அவற்றைக் கோப்பில் எழுதிய வரிசைப்படி அது எண்ணுகிறது. இன்று டெல்நெட் இரண்டாவதாக இருக்கும். நாளை இன்னொரு ரேடியோவை நடுவில் சேர்த்தால் அது மூன்றாவதாகிவிடும், அந்த ஒரு வரி மட்டும் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். நேற்று ஓடிய கேட்வே இன்று ஓடவில்லை என்ற புலம்பலுக்கு இதுவே முக்கியக் காரணம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் எண்ணை வெளிப்படையாக எழுதிவிட்டால் தீர்ந்தது. கேட்வேயின் கால்சைனையும் கடவுச்சொல்லையும் அதே டெல்நெட் பகுதியில் கொடுக்கவேண்டும். முன்னதாக வின்லிங்க் நிர்வாகத்திடம் கேட்வேயாகப் பதிந்திருக்கவும் வேண்டும்.

இனி மீதிப் பாதி. தபால்பெட்டியில் "ஆர்.எம்.எஸ்" என்ற பெயரில் (வின்லிங்க் பக்கத்துக்கு இங்கே அதுதான் பெயர்) ஒரு கூட்டாளியைச் சேர்த்து, அதற்கு மடல் அனுப்பும் வழியை எழுதவேண்டும். சுருக்கிய வடிவில் அனுப்பு, பி2 நெறிமுறையைப் பயன்படுத்து, அங்கிருந்தும் மடல் கேள் என்ற மூன்றையும் இயக்கிவிட வேண்டும். இந்தப் பி2 என்பது பேக்கெட் தபால்பெட்டிகள் தங்களுக்குள் மடல் மாற்றிக்கொள்ள எஃப்.பி.பி. என்ற பிரெஞ்சு நிரல் கொண்டுவந்த முறையின் நீட்சி. வின்லிங்க் அதை எடுத்து, இணைப்புக் கோப்புகளும் பல பெறுநர்களும் வைக்க இடம் செய்துகொண்டது. இரண்டு உலகங்களும் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொள்வது இந்த உறவால்தான்.

அந்த உரையாடலைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினைகளை லாக் கோப்பிலேயே பிடித்துவிடலாம். முதலில் இருபுறமும் தங்கள் திறமையை ஒரு அடைப்புக்குறி வரியில் சொல்லிக்கொள்ளும். பிறகு எஃப்.சி. என்று தொடங்கும் வரிகள்: "இந்த அடையாள எண்ணில், இத்தனை பைட்டில் ஒரு மடல் வைத்திருக்கிறேன், வேண்டுமா?" எதிர்முனை எஃப்.எஸ். வரியில் வேண்டும், ஏற்கெனவே இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் தரும். மடல் எதுவும் மிச்சமில்லை என்றால் எஃப்.எஃப்.; கிளம்புகிறேன் என்றால் எஃப்.க்யூ. அடையாள எண் இருப்பதால் ஒரே மடல் இரண்டு பாதையில் வந்தாலும் இரட்டிப்பாகாது. எஃப்.எஸ். வரை வந்து அறுந்தால் ரேடியோப் பாதை மோசம். அடைப்புக்குறி வரியே வரவில்லை என்றால் இணைய இணைப்பைப் பாருங்கள். கடவுச்சொல் கேட்ட இடத்தில் நின்றால் யார் கணக்கு என்று பாருங்கள்.

கடைசியாகச் சொன்னது முக்கியம். தபால்பெட்டி தன் பயனர்களுக்காக வின்லிங்கில் மடல் கேட்கும்போது, ஒவ்வொருவரின் வின்லிங்க் கடவுச்சொல்லும் வேண்டும். பயனர் பதிவில் அதற்கென ஓர் இடம் இருக்கிறது; பக்கத்தில் "வின்லிங்கில் கேள்" என்ற பொருளில் ஒரு தேர்வுப்பெட்டியும் இருக்கும். இரண்டில் ஒன்றை விட்டால் அனுப்பிய மடல் போகும், பதில் வராது. இன்னொரு சிக்கல்: தபால்பெட்டி மூலமாகவும் பெறுகிறார், தன் கணினியில் வின்லிங்க் எக்ஸ்பிரஸிலும் நேரே எடுக்கிறார் என்றால், யார் முதலில் கேட்டார்களோ அவர்களிடம் மடல் போய்விடும். பாதி மடல் அங்கே, பாதி இங்கே. ஒவ்வொரு பயனரும் ஏதாவது ஒரு வழியை வைத்துக்கொள்ளச் சொல்லிவிடுவது நல்லது.

முகவரியிலும் இரண்டு உலகமும் வேறு. பேக்கெட்டில் @ குறிக்குப் பின்னால் வருவது பெறுநருடைய தபால்பெட்டியின் கால்சைன். அதன்பின் வட்டாரம், நாடு, கண்டம் என்று அடுக்கி எழுதுவார்கள். இணைய மின்னஞ்சலில் அங்கே நிறுவனத்தின் தளப்பெயர் வரும். பி.பி.கியூவில் இணைய முகவரிக்கு முன்னால் "ஆர்.எம்.எஸ்" என்று எழுதி முக்காற்புள்ளி வைத்தால் அது வின்லிங்க் பக்கம் போகவேண்டிய மடல் என்று பெட்டிக்குப் புரியும். எதிர்த்திசையில் வேறொரு தடை: வின்லிங்க் குப்பை மடல்களைத் தடுக்க, நாம் ஏற்கெனவே எழுதியிருக்கும் முகவரிகளிலிருந்து வருவதை மட்டும் ஏற்கும். புதியவர் ஒருவர் எழுதவேண்டுமானால், தலைப்பு வரியில் இரட்டைச் சாய்கோடு போட்டு டபிள்யூ.எல்.2.கே. என்று ஆங்கில எழுத்தில் சேர்க்கவேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கோ மருத்துவமனைக்கோ பேரிடர் வரும்முன்பே ஒரு சோதனை மடல் அனுப்பி வைத்துவிட்டால், பிறகு அவர்கள் பதில் எழுதும்போது இந்தத் தொல்லை இல்லை.

தபால்பெட்டியின் அமைப்புக் கோப்பை நிரல் ஓடும்போது கையால் திருத்தாதீர்கள். மூடும்போது அது தன் நினைவிலிருப்பதை மேலே எழுதிவிடும். உங்கள் திருத்தம் காணாமல் போகும். உலாவியில் திறக்கும் நிர்வாகப் பக்கத்தில் மாற்றுங்கள், அல்லது நிறுத்திவிட்டுத் திருத்துங்கள். அந்த நிர்வாகப் பக்கத்தை வெளி இணையத்துக்குத் திறந்துவிடவும் கூடாது.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஒரு மடல் போட்டுப் பாருங்கள். பெட்டி அதை வாங்கி வைத்துக்கொண்டு, கேபிளைத் திரும்பச் செருகியதும் தானாக அனுப்பவேண்டும். அனுப்பும் வழியை எழுதும் இடத்தில் "இல்லையென்றால்" என்று ஒரு மாற்று வழியும் சேர்க்கமுடியும். முதலில் இணையம், அது கிடைக்காவிட்டால் சிற்றலை மோடம் வழியாகப் பல நூறு கிலோமீட்டர் தள்ளி, மழையே இல்லாத ஊரிலிருக்கும் வேறொரு கேட்வே. மாவட்டம் முழுக்க இணையம் போனாலும் மடல் வெளியேற வழி இருப்பது இந்த ஒரு சொல்லால்தான். சிற்றலையில் செட், ஆன்டெனா என்று செலவு கூடும். மாவட்டத்துக்கு ஒரு நிலையத்தில் இருந்தால்கூடப் போதும்.

மலைகள் செய்யும் வேலை

இரண்டு மீட்டர் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் அதன் ரேடியோ அடிவானம் சுமார் 13 கி.மீ., இரண்டு பக்கமும் அப்படியென்றால் 26 கி.மீ. சமவெளியிலிருந்து 500 மீட்டர் உயர்ந்த ஒரு மலைமேல் வைத்தால் தனியாகவே 90 கி.மீ.யைத் தாண்டும். வத்தல்மலை, சித்தேரி, தீர்த்தமலை, மேலகிரி என்று உயரத்துக்குக் குறைவில்லாத நிலம் இது. ஆனால் அதே மலைகள் நடுவில் நிற்கும்போது சுவராகவும் ஆகின்றன. தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையில் தொப்பூர். பென்னாகரத்திலிருந்து இறங்கினால் ஒகேனக்கல் பள்ளத்தாக்கு. தேன்கனிக்கோட்டை தாண்டினால் அஞ்செட்டிக் காடு. இந்தப் பள்ளங்களிலிருந்து நேரே தருமபுரியைப் பிடிப்பது கடினம், இடையில் ஒரு கை வேண்டும்.

அந்த இடைநிலையத்தை டிஜிபீட்டராக வைப்பதா, நோடாக வைப்பதா என்பதில் நிறைய வேறுபாடு உண்டு. டிஜிபீட்டர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும். ஒப்புதல் கடைக்கோடியிலிருந்துதான் வரவேண்டும். ஒவ்வொரு தாவலிலும் (ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்கு) நூற்றுக்கு எண்பது பொட்டலம் தப்பிப் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது இரண்டு தாவல், ஒப்புதல் திரும்பும்போது இரண்டு. நான்கும் கூடிவரும் வாய்ப்பு நூற்றுக்கு 41 மட்டுமே. நோடு அப்படியில்லை: தான் வாங்கியதற்குத் தானே ஒப்புதல் கொடுத்துவிட்டு, அடுத்த தாவலைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தாவலிலும் போவதும் ஒப்புதல் திரும்புவதும் மட்டுமே கூடிவர வேண்டியிருப்பதால், வாய்ப்பு நூற்றுக்கு 64 ஆகிறது. மலைநாட்டுக்கு நோடுதான் சரி. நோடு வழியாகப் போகும் பொட்டலத்தில் அதன் தலைப்புக்கே 20 பைட் போய்விடுவதால், 256-க்குப் பதில் நீளத்தை 236 என்று வைக்கவேண்டும். கூடினால் ஒரு பொட்டலம் இரண்டாக உடையும்.

மலைமேல் இருக்கும் நோடு எல்லோரையும் கேட்கும். ஆனால் ஊத்தங்கரையில் இருப்பவரும் பென்னாகரத்தில் இருப்பவரும் ஒருவரையொருவர் கேட்கமாட்டார்கள். அலைவரிசை காலியாக இருக்கிறது என்று நினைத்து இருவரும் ஒரே நேரத்தில் அனுப்ப, நோடுக்கு இரண்டுமே கலைந்து விழும். இதைக் குறைக்கத்தான் பெர்சிஸ்ட், ஸ்லாட்டைம் என்ற இரண்டு எண்கள். வழக்கமான 63, 100 மில்லிவிநாடி என்பதன் பொருள், அலைவரிசை காலியானதும் விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு, நான்கில் ஒரு வாய்ப்பில் மட்டும் அனுப்பு என்பது. பயனர்கள் கூடினால் 63-ஐக் குறைக்கவேண்டும். அவசரத்தில் எல்லோரும் கூட்டுவார்கள், அங்கேதான் நெரிசல் பிறக்கிறது. பாதை மோசமானால் ஒப்புதல் இல்லாமல் தொடர்ந்து அனுப்பும் பொட்டல எண்ணிக்கையை நான்கிலிருந்து ஒன்று இரண்டாக இறக்கி, நீளத்தை 128 ஆக்குவது வேகத்தைக் கூட்டவே செய்யும்.

நிலையங்களை எங்கே வைப்பது என்பதும் ஓர் அமைப்பு முடிவுதான். வெள்ளத்துக்கு அஞ்சும் பகுதியிலேயே இணையக் கேட்வேயும் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விழும். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், பெங்களூரை ஒட்டியிருக்கும் ஓசூரில் இணைய வாசலை வைத்து, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் தபால்பெட்டிகளை வைத்து, நடுவில் ஒரு மலை நோடு போட்டு இணைப்பது நியாயமான திட்டமாகத் தோன்றுகிறது. மலை நோடு மட்டும் சுலபமல்ல. நம் நாட்டில் அமெச்சூர் உரிமம் குறிப்பிட்ட இடத்துக்கே கொடுக்கப்படுகிறது. ஆளில்லாத நிலையத்துக்குத் தனி அனுமதி வேண்டும். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையையும் கேட்கவேண்டும். மின்சாரத்துக்கு சூரியத்தகடும் பேட்டரியும்.

தமிழில் எழுதினால்

யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். "கி" என்பதில் "க"வுக்கும் அதன்மேல் வரும் உயிர்க்குறிக்குமாக ஆறு பைட் போய்விடும். அனுப்பும்முன் சுருக்கப்படுவதால் இதில் கணிசமான பங்கு திரும்பக் கிடைக்கிறது, ஆகவே நீளத்துக்காகத் தமிழைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால் வின்லிங்க் லத்தீன் எழுத்தை மனத்தில் வைத்து வளர்ந்தது. மடலின் உடலில் தமிழ் எழுதினால் வழியில் ஏதோ ஒரு நிரல் அதைக் கேள்விக்குறிகளாக்கிவிடக்கூடும். தமிழை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் சேமித்து இணைப்பாக அனுப்பினால் பைட் மாறாமல் போய்ச்சேரும். உடலில் "கோப்பைப் பார்" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போதும். படங்கள் வேண்டாம். வின்லிங்க் ஒரு மடலுக்கு 120 கிலோபைட் வரை அனுமதிக்கிறது. 1200 பாட்டில் அதற்குத் தடையே இல்லாத பாதையிலும் 13 நிமிடத்துக்குமேல் ஆகும், நடைமுறையில் அரைமணி. அந்த அரைமணிக்கு மற்றவர் எல்லோரும் காத்திருக்கவேண்டும். வேகம் வேண்டுமென்றால் வாரா எஃப்.எம். என்ற மோடம் நிரல் இருக்கிறது, பி.பி.கியூவும் அதை ஏற்கும். முழு வேகத்துக்குக் காசு கொடுக்கவேண்டும், மூலநிரலும் திறந்ததல்ல என்பதால் அடிப்படை வலையை அதன்மேல் கட்ட எனக்குத் தயக்கம்.

சட்டத்தின் எல்லை

உரிமம் இல்லாமல் எதுவும் இல்லை. அமெச்சூர் நிலைய இயக்குநர் தேர்வு எழுதி, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் உரிமம் வேண்டும். இரண்டு மீட்டரில் நமக்குள்ள இடம் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ். காற்றில் போவதை மறைகுறியாக்கக் கூடாது. பி2-இன் சுருக்கம் மறைகுறியாக்கம் அல்ல, அதன் முறை வெளிப்படையானது. கேட்கும் யாரும் பிரித்துப் படிக்கலாம். ஆகவே நோயாளி பெயர், வங்கி எண் போன்றவற்றை எழுதக்கூடாது. வியாபார மடலும் கூடாது. நாடுகளுக்கிடையே மூன்றாம் நபருக்காகச் செய்தி அனுப்புவதை சர்வதேச ரேடியோ விதிகள் அவசரகாலத்துக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் என்றே அனுமதிக்கின்றன. வின்லிங்க் மடல் எந்த நாட்டு வழியாகப் போகும் என்று நம் கையில் இல்லாததால் இதை மனத்தில் வைத்தே பயனர்களைச் சேர்க்கவேண்டும். இணையத்தோடு எந்நேரமும் இணைந்திருக்கும் நிலையத்தைத் தொடங்கும்முன் டபிள்யூ.பி.சி.யிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது.

உரிமம் வாங்கிய கையோடு ஒவ்வொரு பயனரும் தன் வின்லிங்க் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி செட்டின் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும். கணக்கு ஓராண்டுக்குமேல் பயன்படாமல் கிடந்தால் வின்லிங்க் அதை நீக்கிவிடும். மாதம் ஒரு முறை, வேறு வேலை இல்லாவிட்டாலும், தபால்பெட்டி வழியாக ஒரு மடல் அனுப்பி ஒரு மடல் பெற்றால் கணக்கும் உயிரோடு இருக்கும், பேட்டரி எவ்வளவு தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.